டுபாய்சி வாய் திறக்கும்வரை

ஜெலுத்தோங்
27 செப்டம்பர் 2025, சனிக்கிழமை

அன்புள்ள லோகாவுக்கு,

நான் நலம். பாலிக் புலாவில் உன் அண்ணன் வீட்டில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நம் மகள் இனிமேல் வாய்வழியாக ஒரு செய்தியும் கொண்டுபோக மாட்டாளாம். நான் சொன்னதை அவள் உன்னிடம் சொல்ல நீ அவளைத் திட்டியிருக்கிறாய். நீ சொன்னதை என்னிடம் வந்து சொன்னபோது நானும் திட்டிவிட்டேன். "ரெண்டு பேரும் எழுதிக் குடுங்கலா, நான் போஸ்ட்மேன் மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டாள் தனுஜா. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வாங்கி உன்னிடம் கொடுப்பாள். புதன்கிழமை வேலை முடிந்து உன்னிடம் வாங்கி என்னிடம் கொடுப்பாள். நீதான் என் நம்பரை உன் போனில் ப்ளாக் செய்து வைத்திருக்கிறாயே. அதனால் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம் கழித்து உனக்கு முதல் கடிதம் எழுதுகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் கைக்குப் பேனா பிடிபடவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் கோபத்தில் எழுதினேன் என்று நினைக்காதே.

நடந்ததை விளக்கிவிடுகிறேன். அந்த டப்பாவில் இருந்தது மாட்டு இதயம்தான். நீ கேட்டபோது பீட்ரூட் என்று சொன்னதும் நான்தான். உன் மனம் நோகக் கூடாதே என்று அப்படிச் சொன்னேன். அதை எடுத்து நீ பெருமாளுக்குப் பொரியல் செய்யப் போவாய் என்று நான் கண்டேனா? இத்தனை வருடத்தில் ஐஸ்பெட்டியில் நான் வைத்த எதையாவது நீ தொட்டிருக்கிறாயா?

அது நமக்கு வாங்கியது இல்லை, மீனுக்கு. ஆப்பிரிக்காவில் டாங்கனிக்கா ஏரியில் தோன்றிய ஜாதிக்குப் புரட்டாசியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. நம் பன்னிரண்டு டுபாய்சி மீனும் இரண்டு வருடமாகத் தின்கின்றன, நீந்துகின்றன, ஒன்றும் முட்டையிடக் காணோம். என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்த சதாமைத் தெரியுமே உனக்கு. அவன் வீட்டில் வாளியில் கிடக்கும் மீன்கூடக் குஞ்சு போடுகிறது. பார்க்கும் போதெல்லாம் "என்ன அண்ணே, வீட்ல விசேஷம் ஏதும் உண்டா" என்று என்னைக் கேட்கிறான், புதிதாகக் கல்யாணமானவனைக் கேட்பது போல. யூடியூபில் ஒருவர் மாட்டு இதயத்தைப் பூண்டு போட்டு அரைத்து உறைய வைத்துக் கொடுத்தால் உடனே பலன் என்றார். நானும் மனிதன்தானே, ஆசைப்பட்டுவிட்டேன்.

மூன்று பிளாஸ்டிக் பை சுற்றித்தான் வைத்தேன். உன் சாமிப் பூ மேல்தட்டில் இருந்தது, இது கீழ்த்தட்டில். அதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சந்தேகம். மிளகாய்த்தூள் எங்கே இருக்கிறது? நேற்று சிவப்பாக இருந்த ஒன்றை எடுத்துச் சாம்பாரில் போட்டேன். அது குங்குமம்.

அன்புடன்,
புவனேஸ்வரன்


பாலிக் புலாவ்
30 செப்டம்பர் 2025

தனுஜாவின் அப்பாவுக்கு,

மிளகாய்த்தூள் அடுப்புக்கு மேலே, பழைய மைலோ டின்னில் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது.

விளக்கம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினேன். தாளைத் திருப்பியும் பார்த்தேன். குங்குமம்தான் இருந்தது.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு அடுப்படிக்குப் போய், எண்ணெய் காய வைத்து, கடுகு போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, உங்கள் பீட்ரூட்டைக் கொட்டிக் கிளறினேன். வாசனை வேறு மாதிரி வந்தது. நீங்கள் ஓடி வந்து முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நின்றீர்கள். மாட்டு இதயத்தைத் தாளித்துப் பெருமாளுக்குப் படைக்கப் போனவள் இந்தப் பினாங்குத் தீவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மேல்தட்டா கீழ்த்தட்டா என்று பெருமாள் பார்த்துக்கொண்டிருப்பாரா?

அதோடு போனால் பரவாயில்லை. முதலில் ஹாலில் ஒரு சின்னத் தொட்டி வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பொழுது போகட்டும் என்று விட்டேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிய கதையாக அதற்குத் துணை ஒன்று வந்தது. பிறகு ஆறடித் தொட்டி வந்தது. ஜன்னல் ஓரத்தில் இருந்த என் தையல் மெஷின் சமையலறைக்குப் போனது. அந்தச் சத்தத்தில் மீனுக்கு மனம் கலங்குகிறது என்றீர்கள். என் மனம் எதில் கலங்கும் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் உட்கார்ந்து பட்டு ரவிக்கை தைக்கிறேன். போன வருடம் அதிரா டீச்சரின் ரவிக்கையில் ரசம் தெறித்து, அவர் மிளகு வாசனையோடு தங்கை கல்யாணத்துக்குப் போனார். பாவம், இன்றுவரை அதைப் புதுப் பட்டின் வாசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தீபாவளி நெருங்கிவிட்டது. ஒரு மூட்டை ரவிக்கைத் துணியோடுதான் இங்கே வந்தேன். அண்ணியின் பழைய மெஷினில் தைக்கிறேன். நாலு தையலுக்கு ஒரு தரம் நூல் அறுகிறது. அறும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

நான் வருவதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம். ஆனால் அந்த வீட்டில் என் சாமி படம் இருக்கிறது. புரட்டாசி முடியும்வரை அங்கே மூச்சு விடும் எதற்கும் அசைவம் கிடையாது. உங்களுக்கும் கிடையாது, மீனுக்கும் கிடையாது. கீரை போடுங்கள். தின்றால் தின்னட்டும். இல்லையென்றால் விரதம் இருக்கட்டும், புண்ணியமாவது சேரும்.

இப்படிக்கு,
தனுஜாவின் அம்மா


ஜெலுத்தோங்
4 அக்டோபர் 2025

அன்புள்ள லோகாவுக்கு,

மன்னித்துக்கொள். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், நீ தேட வேண்டியதில்லை.

இங்கே வீடு துக்க வீடாக இருக்கிறது. இரண்டு டுபாய்சி செத்துவிட்டது. வயிறு ஊதி, தீனியை வாயில் வாங்கித் துப்பி, கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி, அப்படியே போய்விட்டது. கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே புதைத்தேன். பிறகு நீ அதிலிருந்து இலை பறிக்க மாட்டாய் என்று நினைவு வந்து, தோண்டி எடுத்துப் பின்சந்தில் மாமரத்துக்குக் கீழே மாற்றினேன். ஒரே நாளில் இரண்டு முறை அடக்கம் செய்தவன் நான்.

முதலில் பம்ப் மேல் சந்தேகப்பட்டேன். பிறகு தண்ணீர் மேல். பிறகு எதிர்வீட்டு இக்மல் போன வாரம் வந்து, எவ்வளவு அழகான மீன் என்று வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. தொட்டி மூலையில் எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டித் தொங்கவிட்டேன்.

சதாம் வந்தான். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்ன தீனி போடுகிறேன் என்று கேட்டான். சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணே, இது கல்லுல பாசி சுரண்டித் தின்ற மீனு. ஆட்டுக்குப் பிரியாணி போட்ட மாதிரி பண்ணிட்டீங்களே" என்றான். யூடியூபில் பார்த்தது வேறு மீனுக்காம். எனக்கு அந்த ஆள் பேசிய பாஷையும் சரியாகப் புரியவில்லை என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கீரை போடுங்கள் என்றான் சதாம். நீயும் கீரை என்கிறாய், அவனும் கீரை என்கிறான். நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களா?

மிச்சமிருந்த டப்பாவை இக்மலின் பூனைகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஐஸ்பெட்டியை மஞ்சள் தண்ணீரால் கழுவினேன். துடைப்பதற்குள் அது உறைந்துவிட்டது, ஐஸ் கட்டும் தட்டு முழுக்க மஞ்சள் ஐஸ். தீட்டுப் போகட்டும் என்று உள்ளே சாம்பிராணி காட்டிக் கதவையும் மூடிவிட்டேன். இப்போது ஐஸ் போட்டுத் தண்ணீர் குடித்தால் கோயிலுக்குப் போய் வந்தது போல இருக்கிறது.

பாசாரில் ஒரு கட்டு பாயாம் கீரை வாங்கி அப்படியே தொட்டியில் போட்டேன். வேரோடு மிதந்தது. மீன்கள் கிட்டே வரவில்லை. ராத்திரிக்குள் தண்டு போய் பம்ப்பில் சிக்கிக்கொண்டது. நான் கீரை தின்றவனே தவிர சமைத்தவன் இல்லை. எப்படிச் செய்வது என்று எழுது. இன்னும் பத்து உயிர் இருக்கிறது.

அன்புடன்,
புவனேஸ்வரன்


பாலிக் புலாவ்
7 அக்டோபர் 2025

தனுஜா அப்பாவுக்கு,

இலையை மட்டும் ஆய்ந்து, நன்றாகக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் துவண்டதும் எடுத்துவிடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். உப்பு வேண்டாம், பூண்டு வேண்டாம், தாளிக்கவும் வேண்டாம். உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது.

கல்லில் சுரண்டித் தின்னும் ஜென்மம் என்றால் கல்லில்தானே தேடும். மேலே மிதக்கவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்? மெஷின் டிராயரில் வெள்ளை நூல் இருக்கிறது. இலையைக் கல்லோடு சேர்த்துக் கட்டி உள்ளே இறக்குங்கள். முடிச்சைப் பின்பக்கம் போடுங்கள்.

இங்கே எல்லாரும் நலம். அண்ணன் தோட்டத்தில் டுரியான் முடிந்துவிட்டது, ஜாதிக்காய் பறிக்கிறார்கள். அண்ணியின் சேவல் பொழுது விடியுமுன்பே ஆரம்பித்துவிடுகிறது, அண்ணன் அதற்கு முன்பே குறட்டையில் ஆரம்பித்துவிடுகிறார். அண்ணி நல்லவர்தான். நான் வந்த மறுநாள் எனக்குப் பாயாசம் வைத்தார். நேற்று, உன் வீட்டு ஞாபகம் வரவில்லையா லோகா என்று கேட்டார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சும்மாவா சொன்னார்கள்.

வால் கிழிந்தது ஒன்று இருந்ததே, செத்துப்போனதில் அதுவும் உண்டா? நான் முன்பு ஹாலில் தைக்கும்போது கண்ணாடி ஓரம் வந்து நிற்கும், ஊசி ஏறி இறங்குவதையே பார்க்கும். கறுப்பு உடம்பும் நடுவில் அந்த வெள்ளைப் பட்டையும், ரவிக்கைக்கு பார்டர் வைத்தது போல இருக்கும். சும்மாதான் கேட்கிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் தனுஜாவோடு வரலாம் என்று இருக்கிறேன். ஆறடித் தொட்டியை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டி இரண்டையும் எங்காவது அனுப்பிவிட்டு, ஜன்னல் ஓரத்தில் என் மெஷினைக் கொண்டுவந்து போடுங்கள். எனக்கு வெளிச்சம் வேண்டும். அது மட்டும் போதும், மாட்டு இதயத்தைப் பற்றி இனிப் பேச மாட்டேன். அதிகம் பேச மாட்டேன்.

லோகேஸ்வரி


ஜெலுத்தோங்
11 அக்டோபர் 2025

என் அன்பு லோகாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நீ சொன்னபடியே கீரையை வேக வைத்து, கல்லில் கட்டி இறக்கினேன். பத்தும் வந்து மொய்த்தன. நூலை மட்டும் மிச்சம் வைத்தன. இரண்டே நாளில் அவை வேறு மீனாகிவிட்டன. நிறம் ஏறி, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு, கல்யாண வீட்டுப் பிள்ளைகள் போல ஓடின. நேற்றுக் காலையில் பார்க்கிறேன், ஒன்று மட்டும் கீரைக்கு வரவில்லை. ஓரமாக நிற்கிறது. தாடை இறங்கி, கன்னம் உப்பி, வெற்றிலை அடக்கியவள் போல இருக்கிறாள்.

லோகா, அவள் முட்டையை வாய்க்குள் வைத்திருக்கிறாள். இந்த ஜாதி வாயில்தான் அடைகாக்கும். நான்கு வாரம் வாயைத் திறக்க மாட்டாள், சரியாகத் தின்னவும் மாட்டாள். சதாம் ஓடி வந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். யார் என்று நினைக்கிறாய்? உன் வால் கிழிந்ததுதான். அது ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு இதுவரை தெரியாது. இந்த ஜாதியில் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்போது ஒரு சின்ன விஷயம். முதல் பிரசவம் என்பதால் கொஞ்சம் அதிர்ந்தாலும் முட்டையைத் துப்பிவிடுவாள், இல்லாவிட்டால் விழுங்கிவிடுவாள் என்று சதாம் சொல்கிறான். தொட்டிகளை நகர்த்துவது, மெஷினை இழுத்து வருவது, அதன்பின் நீ அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து தைப்பது, இதையெல்லாம் நவம்பர் இரண்டாம் வாரம் வைத்துக்கொண்டால் என்ன? அதுவரை நீ அண்ணன் வீட்டிலேயே நிம்மதியாக இருக்கலாம். தீபாவளியன்று நானே அங்கே வந்து தலையைக் காட்டுகிறேன். அதிக நேரம் இருக்க முடியாது, அவளைத் தனியாக விட்டுவிட்டு வர வேண்டும்.

தவறாக நினைக்காதே. நீயும் ஒரு பிள்ளையைப் பெற்றவள், உனக்குப் புரியும்.

மிகுந்த மகிழ்ச்சியோடு,
உன் புவனேஸ்வரன்


பாலிக் புலாவ்
14 அக்டோபர் 2025

திரு. புவனேஸ்வரன் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. தங்கள் வீட்டில் விசேஷம் என்று அறிந்து மகிழ்ச்சி. எனக்குப் பிரசவ வலி வந்தபோது தாங்கள் துறைமுகத்தில் டபுள் ஷிப்டில் இருந்தீர்கள். இந்த முறையாவது பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைத்திருக்கிறது.

என் மெஷினுக்கு அந்த வீட்டில் இடமில்லை என்று தெரிந்துகொண்டேன். வரும் சனிக்கிழமை அண்ணன் தோட்டத்து லாரியில் முனுசாமி வருவார். மெஷினை அவரிடம் கொடுத்துவிடவும். இங்கே ஜன்னல் ஓரத்தில் அண்ணன் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். மெஷின் வந்துவிட்டால் நான் அங்கே வர வேண்டிய வேலை எதுவும் இல்லை.

தாய்க்கும் சேய்க்கும் என் வாழ்த்துகள்.

ச. லோகேஸ்வரி


ஜெலுத்தோங்
18 அக்டோபர் 2025

லோகா,

முனுசாமி வெறும் லாரியோடு திரும்பி வந்தால் அவரைத் திட்டாதே. அவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்ய வந்தார். "அக்கா சொன்னுச்சு, மெஷினு இல்லாம வராதேன்னு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

நானும் அவருமாகச் சமையலறையிலிருந்து மெஷினைத் தூக்கினோம். ஹாலைத் தாண்டி வாசற்படி வரைக்கும் வந்துவிட்டோம். லாரியின் பின்கதவு திறந்து கிடந்தது. எத்தனையோ கொள்கலன்களைக் கப்பலில் ஏற்றியிருக்கிறேன், ஒன்றைக்கூட பாதியில் நிறுத்தியதில்லை. இதை என்னால் வாசலைத் தாண்டி விட முடியவில்லை. மெஷின் போய்விட்டால் நீ வர மாட்டாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது கோபத்தில் எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். தூக்கிப் பார்த்தபோதுதான் நிஜம் என்று தெரிந்தது.

கீழே வைங்க முனுசாமி என்றேன்.

"எங்கண்ணே வைக்கிறது, வாசப்படியிலயா?"

"ஜன்னல்கிட்ட. பழைய எடத்துல."

சின்னத் தொட்டி இரண்டையும் காலி செய்து, அதே லாரியில் சதாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நகர்த்தும்போது ஒன்று சுவரில் இடித்து டமார் என்றது. டுபாய்சி பத்தும் கல்லுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. விழுங்கினால் விழுங்கட்டும் என்று நினைத்தேன். முனுசாமியிடம் வாய்விட்டே சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, யார் எதை விழுங்குவது என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் குடித்தார்.

அவர் போன பிறகு மெஷினில் உட்கார்ந்து பார்த்தேன். நீ வந்து தைக்கும்போது தெரிவதைவிட இப்போதே தெரிந்துவிடட்டும் என்று என் பழைய கைலி ஒன்றை எடுத்து ஓரம் அடித்தேன். நல்ல சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கல் இடுக்கிலிருந்து அவள் மட்டும் வெளியே வந்தாள். கண்ணாடி ஓரம் வந்து நின்று ஊசியைப் பார்த்தாள். வாய் மூடியே இருந்தது, கன்னமும் இறங்கவில்லை. என் தையல் வேலையைப் பார்த்தும் அவள் பயப்படவில்லை என்றால் உன் மெஷினுக்கா பயப்படப் போகிறாள்? கைலியின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன் என்று எடுத்து உதறியபோதுதான் தெரிந்தது. இப்போது அது தலையணை உறை.

போன கடிதத்தில் நான் எழுதியதைச் சதாமிடம் சொன்னேன். "இந்த லெட்டரை அக்காவுக்கு அனுப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டான். அப்போதுதான் என்ன எழுதினேன் என்பது எனக்கே உறைத்தது.

லோகா, நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. சாயந்திரம் ஐந்து மணிக்கு உன் மெஷின் ஓடும், நீ நடுநடுவே யாரையாவது திட்டுவாய், பெரும்பாலும் என்னைத்தான். மீனுக்குச் சத்தம் ஆகாது என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் சத்தம் இல்லாமல் எனக்குத்தான் ஆகவில்லை. நாளைக்குத் தனுஜா இந்தக் கடிதத்தோடு வருவாள். அவளோடு கிளம்பி வந்துவிடு. ஜன்னலைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

புவனேஸ்வரன்


ஜன்னல் ஓரம்
21 அக்டோபர் 2025

என்னங்க,

இதை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கிறேன். காப்பிக்குப் பால் எடுக்கும்போது பார்ப்பீர்கள்.

நான் வந்து மூன்று நாளாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று தனுஜாவுக்குப் போன் போட்டுப் புகார் சொன்னீர்களாம். தீபாவளிக்கு எண்ணெய் வைத்துவிட்டபோதுகூடப் பேசவில்லையாம். உண்மைதான். வால் கிழிந்தவள் வாய் திறக்கும்வரை இந்த வீட்டில் அதிர்ச்சி கூடாது என்று எழுதியது நீங்கள். மெஷின் சத்தம் அவளுக்குப் பழக்கம். என் குரல் அப்படி இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஆரம்பித்தால் ஜெலுத்தோங் முழுக்கக் கேட்கும். பாவம், வாயில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் அதையெல்லாம் கேட்க வேண்டாம். அதனால் அவள் வாய் திறக்கும்வரை நானும் உங்களிடம் வாய் திறக்கப் போவதில்லை. அவசரம் என்றால் எழுதி வைக்கிறேன்.

ஐஸ்பெட்டியில் மஞ்சளைச் சுரண்டி எடுத்துவிட்டேன். சாம்பிராணி வாசனை மட்டும் போகவில்லை. தயிர்கூட விபூதி மணக்கிறது.

உங்கள் தலையணை உறையைப் பிரித்துக் கைலியாக்கி நாற்காலியில் போட்டிருக்கிறேன். தையல் அவ்வளவு மோசமில்லை, நேராகத்தான் போயிருக்கிறது. தைக்கக் கூடாத இடத்தில் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

லோகேஸ்வரி


சமையலறை
26 அக்டோபர் 2025

அன்புள்ள லோகா,

கைலி சரியாக இருக்கிறது.

ஆனால் இது என்ன தண்டனை? நீ திட்டாமல் இருந்தால் எனக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிடும் போல இருக்கிறது. நேற்று வேண்டுமென்றே ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டேன். நீ எடுத்து உலர்த்திவிட்டுப் போய்விட்டாய். இக்மல்கூட, அக்காவுக்குத் தொண்டை சரியில்லையா என்று விசாரிக்கிறான்.

இன்னொன்றும் பார்த்தேன். காலையில் கண்ணாடி ஓரம் குனிந்து நீ அவளிடம் ஏதோ ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தாய். நான் வந்ததும் நூல் கோப்பது போல நிமிர்ந்துவிட்டாய். அவளிடம் மட்டும் பேசலாமா?

கடையில் வாங்கிய மீன்தீனியை நீ மறைத்து வைத்ததையும் கவனித்தேன். புரட்டாசி முடிந்துவிட்டதே என்று கேட்கவில்லை. கீரையே போடுகிறேன்.

உன் புவனேஸ்வரன்


ஜன்னல் ஓரம்
8 நவம்பர் 2025, காலை

என்னங்க,

அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

விடிந்ததும் விளக்கேற்ற எழுந்து வந்தேன். கல்லுக்கு முன்னால் வந்து நின்று ஒரு கொட்டாவி விட்டாள். சின்னதாக ஒன்று எட்டிப் பார்த்தது, பார்த்துவிட்டு உள்ளேயே போய்விட்டது. என் நிழல் பட்டது போலிருக்கிறது. நான் அசையாமல் நின்றேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. நான் பார்த்தவரை ஏழு. உடம்பெல்லாம் கறுப்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி. இந்தத் துணி எங்கே கிடைக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு அழுகை வந்துவிட்டது. மெலிந்து போயிருக்கிறாள். கீரை கட்டி இறக்கினேன், குஞ்சுகளையும் விட்டுவிட்டு வந்து தின்றாள்.

உங்களை எழுப்ப இரண்டு முறை அறைக்கு வந்தேன். நான்கு வாரம் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் காத்தவர், சரியாக அந்த நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டீர்கள். தனுஜா பிறந்த நாள் ஞாபகம் வந்தது. சில பேருக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். எழுந்து வந்து பாருங்கள், எங்கேயும் போய்விடாது.

சதாமுக்கு நானே போன் செய்து, வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தத் தாளைத் தலையணை மேல் வைக்கிறேன். இனிமேல் எழுத மாட்டேன், என் விரதமும் இன்றோடு முடிந்தது. பல் தேய்த்துவிட்டு வாருங்கள், காப்பி போட்டு வைத்திருக்கிறேன். குடித்துவிட்டு என் எதிரில் வந்து உட்காருங்கள். பீட்ரூட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்கள்
லோகா